செல்ஃப் எடுக்காத வண்டி

எனக்குக் கல்யாணமாகி சென்னீர்குப்பத்துக்கு வந்த கொஞ்ச நாளிலேயே அந்த மோட்டார் வண்டியும் வந்து சேர்ந்தது. பரங்கிமலையில் இருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களையெல்லாம் விற்கிறார் என்று கேள்விப்பட்டு, நாலு நாற்காலி வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் என் வீட்டுக்காரர் போனார். சாயங்காலம் தெருவெல்லாம் புழுதி கிளப்பிக்கொண்டு மோட்டாரில் வந்து இறங்கினார். கித்தான் டாப்பு போட்ட, பச்சை வர்ணம் வெளுத்துப்போன பழைய வண்டி.

"நாற்காலி எங்கடா?" என்று கேட்டார் என் மாமியார்.

"அதுக்குள்ளயே நாலு பேர் குந்தலாம்மா" என்றார் இவர்.

மாமியார் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். முன்சக்கரத்தைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். "இத்த எங்க கட்றது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

வண்டி வாங்கியதற்கு இவருக்கு ஒரு காரணம் இருந்தது. எங்களுக்கு வீட்டுக்குப் பின்னாலேயே மல்லித் தோட்டம். மொட்டாகப் பறித்த பூவை மாட்டு வண்டியில் ஏற்றிப் பட்டணத்துப் பூக்கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பாதி மலர்ந்துவிடும். மலர்ந்த பூவை அங்கே யாரும் மதிக்க மாட்டார்கள். மோட்டாரில் போட்டுக்கொண்டு போனால் மொட்டு மொட்டாகவே போய்ச் சேரும் என்பது இவர் எண்ணம். பின் இருக்கையில் ஈரச் சாக்கைப் போர்த்திப் பூக்கூடைகளை அடுக்குவார். வண்டிக்குள் எப்போதும் மல்லியும் பெட்ரோலும் கலந்த ஒரு வாசனை. எனக்கு அது பிடித்திருந்தது.

அந்த வண்டியின் பெரிய பெருமையே செல்ஃப்தான். முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைப் போட்டுச் சுற்ற வேண்டிய அவசியம் இல்லை. ஓட்டுகிறவர் காலடியில் வட்டமாக ஒரு பொத்தான் இருக்கும். அதைக் காலால் அழுத்தினால் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும், இன்ஜின் விழித்துக்கொள்ளும். தெருவில் இருந்தவர்கள் இதைப் பார்ப்பதற்கென்றே வந்து நின்றார்கள்.

முதலில் சில வாரங்கள் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு நாள் காலையில் அழுத்தினால் 'டக்' என்றது. அவ்வளவுதான். மறுபடி அழுத்தினார், மறுபடி 'டக்'. என்னவோ ஏதோ என்று இறங்கி நின்று பார்த்துவிட்டு, ஏறி இன்னொரு தடவை அழுத்தினார். ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பியது. அதற்கப்புறம் அதன் வழக்கமே அப்படி ஆகிவிட்டது. நாலைந்து நாள் சொன்ன பேச்சைக் கேட்கும். திடீரென்று முரண்டு பிடிக்கும். எப்போது என்று சொல்லவே முடியாது. ஒரேயடியாகக் கெட்டுப்போய்விட்டது என்றால்கூடத் தேவலை, தூக்கிப்போட்டுவிட்டு வேறு வழி பார்க்கலாம். இது ஆசை காட்டிக் காட்டி மோசம் செய்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பூந்தமல்லிக் கோயிலுக்கு மாமியாரையும் என்னையும் அழைத்துப் போனார். சாமி கும்பிட்டுவிட்டு வந்து ஏறி உட்கார்ந்தோம். 'டக்.' இவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் இறங்கிவிட்டேன். கோயில் வாசல் கூட்டம் முழுவதும் வண்டியைச் சூழ்ந்துகொண்டது. ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். கடைசியில் தள்ளுவது என்று முடிவானது.

"அம்மா, நீ கொஞ்சம் எறங்கேன்" என்றார் இவர்.

"நான் இன்னாத்துக்கு எறங்கணும்? மோட்டார்ல வந்தேன், மோட்டார்லயே போறேன்" என்றார் மாமியார். பிரசாதத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, ஊர் கூடி வண்டியைத் தள்ளியது. தெருவில் எதிரே வந்த ஒரு கிழவர் அவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாதித் தெரு போனதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப் போய் ஏறினேன்.

அதற்கப்புறம் இவர் கைப்பிடியைப் போட்டுச் சுற்ற ஆரம்பித்தார். அதுவும் நீடிக்கவில்லை. ஒரு நாள் இன்ஜின் எதிர்ப்பக்கமாக ஓர் உதை உதைத்தது. கைப்பிடி திரும்பி வந்து மணிக்கட்டில் அடித்ததில் கை தலையணை மாதிரி வீங்கிவிட்டது. மஞ்சளும் புளியும் கரைத்துப் பற்றுப் போட்டு, கழுத்திலிருந்து துண்டில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தார். ஓட்டுவதற்கு ஒருவழியாகக் கை வந்தாலும் சுற்றுவதற்கு வரவில்லை. ஆகவே செல்ஃபைச் சரிசெய்தே தீர வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது.

கரையான்சாவடியில் பெரிய ரோட்டின் மேலேயே இவருடைய சிநேகிதர் ஒருவர் தகரக் கொட்டகை போட்டு, சைக்கிளும் மோட்டாரும் பழுது பார்த்து வந்தார். இருவரும் பூந்தமல்லியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். மவுண்ட் ரோட்டில் பெரிய ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் என்பதால் அவருக்கு எதிலும் சந்தேகம் என்பதே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு சைக்கிளில் வந்தார்.

"பேட்டரி மச்சான். கண்ண மூடிகினு சொல்வேன்" என்றார்.

பேட்டரியைக் கழற்றிப் பட்டணத்துக்கு அனுப்பி சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வண்டி நன்றாகக் கிளம்பியது. சில நாள் கழித்து மறுபடி 'டக்'.

"அப்ப கார்பன்" என்றார் சிநேகிதர், கொஞ்சமும் அசராமல். செல்ஃப் மோட்டாருக்குள் கார்பன் கட்டிகள் இரண்டு ஸ்பிரிங்கில் அழுந்திக்கொண்டு நிற்குமாம். அவை தேய்ந்துவிட்டால் கரண்ட் சரியாகப் போகாதாம். அதைக் காட்டுவதற்காக ஒரு மரக்கட்டையால் மோட்டாரின் மேல் லேசாகத் தட்டினார். "இப்ப அழுத்து மச்சான்!" அழுத்தியதும் கிளம்பியது. "பாத்தியா?" என்று எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார்.

அந்தச் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி எங்கள் முற்றத்தில் சாக்கு விரித்துப் பிரித்துப் போட்டார்கள். உள்ளே கரியாக ஒரே தூள். சிநேகிதர் வாயால் ஓங்கி ஊதினார். தூள் முழுவதும் அவர் வெள்ளைச் சட்டைக்கு வந்து சேர்ந்தது. புதுக் கார்பன் போட்டு, அது உரசும் செம்பை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, திரும்பப் பூட்டினார்கள். ஒரு வாரம் ஓடியது. மறுபடி 'டக்'.

"காலடி சுவிச்சு" என்றார் சிநேகிதர். அதையும் மாற்றியாகிவிட்டது. பிறகும் 'டக்'தான்.

ஆனால் அந்தத் தட்டல் மட்டும் ஒவ்வொரு தடவையும் பலித்தது. எதனால் என்று தெரியாவிட்டாலும், கட்டையால் தட்டிக்கொண்டே அழுத்தினால் வண்டி கிளம்பியது. தட்டுவதற்கு ஓர் ஆள், அழுத்துவதற்கு ஓர் ஆள் என்று இரண்டு பேர் வேண்டும். தோட்டத்தில் ஏற்றம் இறைக்கிறவரைக் கூப்பிட்டதற்கு அவர் அந்தப் பொத்தானில் கால் வைக்க மாட்டேன் என்று ஓடிவிட்டார். கூடைகள் ஏற்றியாகிவிட்டது, கிழக்கு வெளுக்கப் போகிறது. இவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வாசலில் நான் சாணி தெளித்துக்கொண்டிருந்தேன்.

"இந்தாம்மே, இங்க வந்து குந்து" என்றார்.

நான் மாமியாரைப் பார்த்தேன். பகலில் நானும் இவரும் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் தொண்டையைச் செருமுகிறவர் அவர். அன்றைக்கு அவர் கூடைகளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நான் கை கழுவிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

அப்படித்தான் அது தினப்படி வேலையாயிற்று. விடியற்காலையில் நான் ஓட்டுகிறவர் இருக்கையில். இவர் வண்டிக்கு அடியில், இடக்கையில் கட்டையோடு. "இப்போ!" என்பார், நான் மிதிப்பேன். சில நாள் உடனே கிளம்பும், சில நாள் வெகுநேரம் பிடிக்கும். வெகுநேரம் பிடித்த நாட்களில் நாங்கள் பேசிக்கொண்டோம். கல்யாணமான புதிது, வீடு நிறைய ஆட்கள். ஒருவரைப் பற்றி ஒருவருக்கு அதிகம் தெரியாது. முகம் பார்க்காமல் பேசுவது இருவருக்குமே சுலபமாக இருந்தது. பாடியில் எங்கள் அம்மா வீட்டில் என்ன சமைப்பார்கள், எனக்கு எதில் பிரியம், ஏன் மீன் குழம்பில் கை வைப்பதில்லை என்றெல்லாம் கேட்பார்.

ஒரு நாள் நான், "பொண்ணு பாக்க வந்தப்ப நீங்க சிரிக்கவே இல்ல. ரொம்பக் கோவக்காரர்னு நெனச்சேன்" என்றேன்.

"அன்னிக்கு எனக்குப் பல்லு வலி" என்று அடியிலிருந்து பதில் வந்தது.

நான் சிரித்த சிரிப்பில் கால் பொத்தானில் பட்டுவிட்டது. இன்ஜின் கிளம்பிவிட்டது. இவர் பதறி எழுந்து தலையை இடித்துக்கொண்டார்.

மார்கழி பிறந்து பனி விழத் தொடங்கியதும் இன்னொரு வேலை சேர்ந்தது. குளிரில் இன்ஜின் பிடிப்பதற்கு, எதிரே இருக்கும் சோக் குமிழை வெளியே இழுக்க வேண்டும். குமிழோடு சேர்ந்த ஒரு கம்பி, சுருள் உறைக்குள் ஓடி இன்ஜினில் போய் முடியும். எங்கள் வண்டியில் இழுத்த குமிழ் நிற்காது, தானாக உள்ளே போய்விடும். ஆகவே கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே காலால் மிதிப்பேன்.

அன்றைக்கு வண்டிக்கு மகா பிடிவாதம். இவர் தட்டிக்கொண்டே, "விடாத, விடாத, அழுத்திகினே இரு" என்றார். நானும் விடாமல் மிதித்தேன். கையில் இருந்த குமிழ் வெதுவெதுப்பாயிற்று. குளிருக்கு நன்றாக இருக்கிறதே என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணம் தோசைக்கல்லைத் தொட்டது போலச் சுட்டது. "ஐயோ!" என்று கையை உதறினேன்.

இவர் புழுதியோடு வெளியே வந்தார். "இன்னா? தேள் கொட்டிச்சா?"

"சோக்கு சுடுதுங்க."

"சோக்கு எப்பிடிச் சுடும்? அது வெறும் கம்பி."

தொட்டுப் பார்த்தார். அதற்குள் ஆறிப்போயிருந்தது. என் விரலைப் பிடித்துப் பார்த்தார். நுனி சிவந்து கொப்புளம் கிளம்பப் பார்த்தது. வாசலில் நின்று தன் அம்மா பார்க்கிறார் என்பதையும் மறந்து, விரலைப் பிடித்தபடியே நின்று யோசித்தார். "நீ சொல்றது நெசந்தான்" என்றார்.

அன்று பூ மாட்டு வண்டியில்தான் போனது. இவர் கரையான்சாவடிக்கு ஆள் அனுப்பினார். சிநேகிதர் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரே சிரிப்பாகச் சிரித்தார்.

"மச்சான், செல்ஃபுக்கும் சோக்குக்கும் இன்னா சம்பந்தம்? அது பெட்ரோல் சமாசாரம், இது கரண்ட் சமாசாரம். தங்கச்சி அடுப்புல கை வச்சிட்டு வந்து குந்தியிருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. "நீங்களே புடிச்சிப் பாருங்கண்ணா" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

அவர் எனக்குப் பக்கத்து இருக்கையில் ஏறாமல், வெளியே நின்றபடியே கையை நீட்டிக் குமிழைப் பிடித்துக்கொண்டார். நான் பொத்தானை மிதித்தேன். 'டக்.' காலை எடுக்கவில்லை. சிநேகிதர் புன்னகையோடு நின்றார். புன்னகை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. குமிழுக்குக் கீழே சுருள் உறையிலிருந்து நூல் போலப் புகை கிளம்பியது.

"ஆ!" என்று கையை உதறிக்கொண்டு அவர் குதித்த குதியில் எங்கள் வீட்டுக் கோழிகள் பறந்தன.

பிறகு சிநேகிதர் விரலை ஊதிக்கொண்டே வண்டியின் முன்பக்கம் போனார்.  முன் விளக்குகளை ஏற்றச் சொன்னார். எரியவிட்டு என்னை மிதிக்கச் சொன்னார். விளக்குகள் அப்படி ஒன்றும் மங்கவில்லை. "பேட்டரி நோஞ்சானா இருந்தா இந்நேரம் வெளக்கு அணைஞ்சே பூட்டிருக்கும். கரண்ட் நெறய கீது. ஆனா போக வழியில்லாம நிக்குது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு தரையில் குந்திக்கொண்டு ஒரு குச்சியால் மண்ணில் கோடு இழுத்தார். நானும் இறங்கிப் போய்ப் பார்த்தேன்.

பேட்டரியிலிருந்து தடித்த கம்பி வழியாகக் கரண்ட் செல்ஃப் மோட்டாருக்குப் போகிறது. போனது போலவே திரும்பி வரவும் வேண்டும். திரும்புவதற்குத் தனிக் கம்பி இல்லை. இன்ஜின் இரும்பு வழியாக வண்டியின் சட்டத்துக்கு வந்து, அங்கிருந்து பேட்டரிக்கு வர வேண்டும். ஆனால் இந்த வண்டியில் ஆட்டம் தெரியாமல் இருப்பதற்காக இன்ஜினை ரப்பர் கட்டைகளின் மேல் உட்கார வைத்திருக்கிறார்கள்.

"ரப்பர்ல கரண்ட் போகாது" என்றார் இவர்.

"போகாது மச்சான். அதுக்கோசரம் இன்ஜினையும் சட்டத்தையும் சேத்து ஒரு செம்புப் பட்டை போட்டிருப்பான். அது அறுந்திருந்தா? கரண்டு வேற வழி தேடும். இன்ஜின்ல இருந்து இந்தப் பக்கம் வர்ற இரும்பு இன்னா கீது? சோக்குக் கம்பி. அத்தாம் பெரிய கரண்டு இத்தினூண்டு கம்பியில பூந்து வந்தா, சுடாம இன்னா செய்யும்?"

சொல்லி முடிப்பதற்குள் இவர் வண்டிக்கு அடியில் போய்விட்டார். மழைக்காலத்துச் சேறும் கிரீஸும் சேர்ந்து அங்கே அடை அடையாக அப்பியிருந்தது. கத்தியால் சுரண்டிக்கொண்டே போனார். "இங்க இன்னாவோ ஜடை மாதிரி கீதுடா" என்றார். பிறகு, "கையோட வந்துட்ச்சி" என்றார்.

வெளியே நீட்டிக் காட்டினார். பட்டையாகப் பின்னிய செம்பு நூல். பச்சைக் களிம்பு ஏறி, நடுவில் நைந்து, சில இழைகளில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கட்டையால் தட்டும்போதெல்லாம் அந்த இழைகள் அதிர்ந்து ஒன்றோடொன்று பட்டிருக்கின்றன, வண்டி கிளம்பியிருக்கிறது. நாங்கள் மோட்டாரைக் குணப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு பட்டையை ஆட்டிக்கொண்டிருந்தோம். பேட்டரியைக் கழற்றி மாட்டியபோதும், மோட்டாரைப் பிரித்துப் பூட்டியபோதும் ஆட்டம் கண்டுதான் சில நாள் ஓடியிருக்கிறது.

அதே மாதிரிப் பட்டை பட்டணத்தில்தான் கிடைக்கும். அதுவரைக்கும் ஆகட்டும் என்று சிநேகிதர் கொட்டகைக்குப் போய்ப் பழைய பேட்டரிக் கம்பியில் ஒரு துண்டு வெட்டி, இரண்டு முனையிலும் பித்தளை வளையம் வைத்து ஈயம் பற்றவைத்துக்கொண்டு வந்தார். இவர் சட்டத்திலும் இன்ஜினிலும் துருவும் வர்ணமும் போக, இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை சுரண்டினார். போல்ட்டுப் போட்டு இறுக்கினார்கள். இவருக்குக் கை வலி இருந்தும் கடைசி முறுக்கை இவரே முறுக்கினார்.

"தங்கச்சி, மிதிம்மா" என்றார் சிநேகிதர்.

மிதித்தேன். 'கர்ர்ர்' என்று ஒரே உருட்டு, இன்ஜின் எழுந்துவிட்டது. விளக்குகள் ஒரு கணம் தாழ்ந்து நிமிர்ந்தன. குமிழைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

"நான் அப்பவே சொன்னேன், மோட்டார்ல ஒண்ணும் இல்லன்னு" என்றார் சிநேகிதர். நானும் இவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் விடியற்காலையில் வழக்கம் போல வாசலுக்கு வந்தேன். எனக்கு அங்கே வேலை இல்லை. இவர் ஏறி உட்கார்ந்தார், மிதித்தார், கிளம்பியது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனாலும் சாணி வாளியை வைத்துக்கொண்டு நின்ற எனக்கு என்னவோ போல இருந்தது. வண்டி தெரு முனை வரைக்கும் போய் நின்றது. பின்னாலேயே திரும்பி வந்தது. இவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"இன்னும் கொஞ்சம் சோதிச்சிப் பாக்கணும். இந்தாம்மே, வந்து மிதி."

"நல்லாத்தானே கீது?" என்றார் மாமியார்.

"அதாம்மா. நல்லா கீதான்னு பாக்கணுமில்ல?"

மாமியார் தொண்டையைச் செருமவில்லை. கூடைகளின் மேல் சாக்கை இழுத்துவிடப் போய்விட்டார். அந்தச் சோதனை பல மாதங்கள் நடந்தது.

அதற்கு நடுவில், பொங்கல் முடிந்து எங்கள் அம்மா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடாயிற்று. வானகரம் வழியாக அம்பத்தூர் போய், அங்கிருந்து பாடி. இவர் முன்னால், மாமியாரும் நானும் பின்னால். இவருக்கு இருந்த உற்சாகத்தில் நிறுத்தத் தேவையில்லாத இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்தி, அணைத்து, மறுபடி கிளப்பினார். எருமைக் கூட்டம் எதிரே வந்தால் அணைப்பார். தெரிந்தவர் யாராவது சைக்கிளில் போனால் அணைத்துவிட்டுப் பேசுவார், அவர் பார்க்கக் கிளப்புவார். அம்பத்தூர் ஏரிக் கரையில் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது மாமியார் கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொத்தானு எங்க கீது?" என்றார்.

இவருக்குப் புரியவில்லை. "எது?"

"அதாண்டா, இவ மெதிப்பாளே."

நான் முன் கதவைத் திறந்துவிட்டேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். அவருக்குக் கால் எட்டவில்லை. இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலின் கட்டைவிரலால் பொத்தானைத் தடவிப் பார்த்தார். ஏரிக் காற்றுக்குக் கித்தான் படபடத்தது. பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே மிதியாக மிதித்தார்.

இன்ஜின் உறுமியதும் காலை வெடுக்கென்று இழுத்து இருக்கையின் மேல் வைத்துக்கொண்டார். யாராவது சிரிக்கிறோமா என்று பார்த்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

"அணைடா" என்றார். "இன்னொரு தபா."

பாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. தெருவோடு வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடியது. எங்கள் அப்பா ஓடி வந்து, "ஏன் இம்மா நேரம்? வழியில வண்டி ஏதாச்சும் மக்கர் பண்ணிச்சா சம்பந்தி?" என்று கேட்டார்.

"மக்கரா?" என்றார் மாமியார். நிதானமாக இறங்கி, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டார். "நல்லாக் கேட்டீங்க போங்க. அம்பத்தூர்ல இருந்து வண்டியக் கிளப்பிகினு வந்ததே நாந்தான்."